மீன் தொட்டிக் காற்றுக்குழாய்: தேர்வும் கட்டும் (திருப்பூர் வட்டாரத்தை முன்வைத்து ஓர் ஆய்வு)

1. ஆய்வின் தேவை

திருப்பூர்ப் பனியனுக்கு ஆய்வேடுகள் உண்டு. நொய்யலுக்கு உண்டு. சாயத் தண்ணீருக்கோ, 2011இல் பட்டறைகளை மூடச் சொன்ன உயர் நீதிமன்ற ஆணையே உண்டு. வீட்டுக்கூடத்து மீன் தொட்டியில் மோட்டாரையும் ஏர் ஸ்டோனையும் இணைக்கும் ஒல்லிக் குழாய் பற்றி மட்டும் அறிஞர் உலகம் வாய் திறக்கவில்லை. அந்த இடைவெளியை இக்கட்டுரை நிரப்புகிறது. (இடைவெளி இல்லாத இடத்தில் ஒன்றை உண்டாக்கி நிரப்புவதும் மரபே.)

2. தொன்மை

நொய்யல் கரைக் கொடுமணலில் பழந்தமிழர் கல்மணி செய்து துளையிட்டதை அகழாய்வு காட்டியுள்ளது. துளை இருந்தால் காற்று புகுந்திருக்கும். காற்று புகுந்தால் அது குழாய். குழாய் இருந்த ஊரில் மீன் தொட்டி இல்லாமலா போகும்? ஆகவே 1909இல் சென்னையில் திறந்த மீன் காட்சியகம் வெறும் மறுமலர்ச்சியே. இவ்வாதத்தில் ஓட்டை காண்போர், அதையும் துளைக்குச் சான்றாகக் கொள்க.

3. வகைகள்

அ) பிவிசி: மலிவு. நாள்பட விறைத்து, மஞ்சளித்து, முனை தளர்ந்து கழலும்.

ஆ) சிலிக்கான்: விலை கூடுதல். கடைசிவரை குழைவு மாறாது.

இ) கம்பெனி ட்யூப்: காற்றழுத்தத்தில் நூல் வெட்டும் தையல் மெஷினுக்குப் போகும் நீலக் குழாய். வெளிவிட்டம் 6 மி.மீ., உள்விட்டம் 4. மீன் தொட்டிக் குழாயின் உள்விட்டமும் அதே 4 என்பதால், மிச்சத் துண்டு மெக்கானிக்கின் சட்டைப்பையில் வீடு சேர்கிறது. கம்ப்ரசரையே தாங்கும். ஆனால் எளிதில் வளையாது, மோட்டார் மூக்கில் ஏறவும் அடம்பிடிக்கும். முனையை வெந்நீரில் முக்கினால் வழிக்கு வரும்.

ஈ) குளுக்கோஸ் ட்யூப்: இது பற்றிப் பேசுவதற்கில்லை.

4. கட்டுதல்

கண்ணாடியில் ஒட்டும் ரப்பர் கிண்ணம் பாசி ஏறியதும் நழுவிவிடும். இவ்வூரின் தனிக்கொடை பனியன் வேஸ்ட். சிங்கிள் ஜெர்சித் துணியில் விரலகலத் துண்டு கிழித்து இழுத்தால், ஓரங்கள் தாமே சுருண்டு கயிறாகும். அதைக் கொண்டு குழாயைத் தொட்டி விளிம்போடு கட்டலாம். குழாய் நசுங்கக் கூடாது. துணியும் தண்ணீரைத் தொடக் கூடாது, தொட்டால் சாயம் இறங்கும்.

துணி 140 ஜிஎஸ்எம்மா, 180ஆ என்பதில்தான் சர்ச்சை. மெல்லியதே சாலச் சிறந்தது என்பர் (காண்க: டீக்கடை பெஞ்சு, இடது ஓரம்). கனத்ததே நிற்கும் என்பர் (மேற்படி பெஞ்சு, வலது ஓரம்). இரண்டையும் மறுத்து, "ரிப் துணிதானுங்க" என்றது ஒரு குரல் (மேற்படி கடை, இரண்டாம் ஷிப்ட் முடிந்து, வடை தீர்ந்தபின், சொன்னவர் பெயர் தெரியாததால் உரையாசிரியர் எனக் கொள்ளப்படுகிறார்). இதற்கு மாஸ்டர் அளித்த மறுப்புரை பால் பொங்கிய சத்தத்தில் அழிந்துபட்டது. கிடைக்கும் பகுதி: "...காசு குடுத்துட்டுப் பேசு." இவ்வரியின் விடுபட்ட முற்பகுதியை மீட்டெடுக்கத் தனி முனைவர் பட்டம் தேவைப்படும்.

5. மின்தடை

மோட்டார் சத்தம் தாளாமல் அதைத் தொட்டிக்குக் கீழே ஸ்டாண்டுக்குள் வைப்பது வழக்கம். கரண்ட் போனதும் காற்று நின்றுவிடும். தண்ணீர் குழாய்க்குள் ஏறி, விளிம்பைத் தாண்டி, கீழே மோட்டாருக்குள் இறங்கும். பிறகு மோட்டாரும் இல்லை, தரையும் காயாது. தீர்வு இரண்டு. மோட்டாரை நீர்மட்டத்துக்கு மேலே வைப்பது ஒன்று. குழாயின் நடுவே, காற்றை ஒரு பக்கம் மட்டும் விடும் நான் ரிட்டர்ன் வால்வை மாட்டுவது மற்றொன்று.

வால்வின் எந்த முனை தொட்டியை நோக்க வேண்டும்? தொட்டிமுகக் கொள்கை, மோட்டார்முகக் கொள்கை, காலந்தோறும் மாறும் முகக் கொள்கை என மூன்று நிலைப்பாடுகள் சாத்தியம். மூன்றுக்கும் தனித்தனிக் கருத்தரங்கு நடத்த நிதி கோரலாம். மீன் கடைப் பையனோ வால்வை வாயில் வைத்து ஊதினான். "இந்தப் பக்கம் ஊதுனா போகுதுங்ணா. அப்ப அந்தப் பக்கந்தான் தொட்டி" என்று சொல்லி மாட்டியும் கொடுத்துவிட்டான். ஊதிப் பார்த்தல் நம் ஆய்வு முறையியலில் அடங்காது என்பதால், இத்தரவு முடிவுரையில் சேர்த்துக்கொள்ளப்படவில்லை.