ஐம்பதா, எழுபதா? ராயல் பைத்தான் கூண்டின் ஈரப்பதம் பற்றிய ஆய்வுக்கு ஒரு முன்னுரையின் முற்பகுதி

இவ்வாய்வு எதை நுதலிற்றோ எனின், கண்ணாடிக் கூண்டில் வளரும் ராயல் பைத்தானுக்குக் காற்றில் எத்தனை சதவீதம் ஈரம் வேண்டும் என்பதை நுதலிற்று. பாம்பைப் பற்றி இடையிடையே பேச நேர்ந்தால் அதற்கு ஆய்வாளர் பொறுப்பல்லர்.

இத்துறையில் மரபுகள் இரண்டு. ஈரப்பதமானியின் முள் 50இல் நின்றால் போதும் என்பது முன்னோர் கொள்கை. 70க்கு ஒரு புள்ளியும் குறையலாகாது என்பது பின்னோர் கொள்கை. இரு சாராரும் மற்றவர் பாம்பு சீக்கிரமே செத்துவிடும் என்று கணித்திருக்கிறார்கள். இரு சாரார் பாம்புகளும் நலமாக எலி தின்றுகொண்டிருப்பது இக்கொள்கைகளுக்கு நேர்ந்த சிறு இடையூறு.

பாட்டுடைத் தலைவன் வரலாறு சுருக்கமானது. செனகல் தொடங்கி உகாண்டா வரையுள்ள ஆப்பிரிக்கப் புல்வெளிகளில் வாழ்வது. 1802இல் ஜார்ஜ் ஷா இதை விவரித்தபோதே அறிவியல் பெயரில் அரசப் பட்டம் சூட்டிவிட்டார். கானா, டோகோ, பெனின் நாடுகளிலிருந்து அமெரிக்காவுக்கும் ஐரோப்பாவுக்கும் ஏற்றுமதியானது. அரசன் பகலில் கிடக்கும் இடம் எலி வளை, இல்லையேல் கரையான் புற்று. கரையான் கட்டிய வீட்டில் பாம்பு குடியேறும் வழக்கம் நம் பழமொழிக்கு மட்டுமே சொந்தமன்று என்பது இதனால் பெறப்படும். மேலே புல் காய்ந்து கிடந்தாலும் வளைக்குள் மண்ணின் ஈரம் தங்கும். வானிலை நிலையத்துப் பதிவேட்டைப் பார்த்து இப்பாம்புக்கு ஈரம் வகுப்பவர்கள், பாம்பு குடியிராத உயரத்துக் காற்றை ஆராய்கிறார்கள் (பாம்பு, நேரில்).

இனி முதன்மைச் சிக்கல். கூண்டின் ஒரு கோடியில் வெப்ப விளக்கு எரியும். அங்கே ஏறத்தாழ 32 டிகிரி. மறுகோடி 26 டிகிரி. சூடேறிய காற்று அதிக நீராவியைத் தாங்கும்: 26 டிகிரியில் ஒரு கனமீட்டர் காற்று சுமார் 24 கிராம் நீராவி தாங்குமெனில், 32 டிகிரியில் சுமார் 34 கிராம் தாங்கும். இரு கோடியிலும் 17 கிராம் நீராவியே இருப்பதாகக் கொள்வோம். குளிர்ந்த கோடியில் மானி 70 காட்டும். சூடான கோடியில் அதே மானி 50 காட்டும். ஆகவே இரு மரபினரும் ஒரே கூண்டின் இரண்டு மூலைகளில் மானியைத் தொங்கவிட்டு நீண்டகாலம் சண்டையிட்டிருக்கலாம் என்று கொள்ள இடமுண்டு. இம்முடிவை இரு மரபினரும் ஒருமனதாக நிராகரிப்பர். அவர்கள் ஒன்றுபடும் இடம் இது ஒன்றே (பாம்பு, தண்ணீர்க் கிண்ணம், திருத்திய இரண்டாம் பதிப்பு).

முடி ஈரமானியின் தோற்றுவாய் ஜெனீவா. அங்கே சோசூர் என்ற அறிஞர், மனித முடி ஈரத்தில் நீண்டு வறட்சியில் சுருங்குவதைக் கண்டு, எண்ணெய்ப் பசை நீக்கிய முடியைக் கட்டி ஈரம் அளந்தார்; நூலும் 1783இல் வெளியிட்டார். முற்றிய வறட்சியிலிருந்து முழு ஈரம் வரை முடி நீள்வது நூற்றுக்கு இரண்டு, இரண்டரை பங்கு அளவே. துறைத்தலைவர் பதவிக்கு வருவதற்குள் பெரும்பாலான அறிஞர்களிடம் இக்கருவி உதிர்ந்துவிடுவதால், பிற்காலத்தார் கடையில் வாங்கி ஒட்டும் வட்ட மானிக்கு மாறினர். ஒட்டு மானி பத்துப் புள்ளி தவறிக் காட்டினாலும் முகம் மாறாது. அதைச் சோதிக்கும் வழி எளிது: ஒரு மூடியில் உப்பைப் போட்டு, கரையாமல் குழையும் அளவுக்கு நீர் விட்டு, மானியோடு சேர்த்துப் பைக்குள் இறுக அடைத்து இரவு முழுதும் வைக்க வேண்டும். காலையில் 75 காட்ட வேண்டும். காட்டாவிட்டால் பிழை உப்பில் என்று எழுதுவது ஆய்வு மரபு.

மிகை ஈரத்தின் தீங்கு: அடியில் நீர் தேங்கினால் வயிற்றுச் செதில் கொப்புளித்து அழுகும்.

கென்ய மணற்போவா: உலர்நிலத்துப் பாம்பு, இவ்வாய்வுக்கு ஒத்துழைக்கவில்லை.

சட்டை உரிப்பு தனி நூலாக விரியத்தக்கது. பழைய தோலுக்கும் புதிய தோலுக்கும் இடையே திரவம் ஊறும். கண் நீலம் பூத்து மங்கும். சில நாளில் தெளியும். பின்னர் பாம்பு மூக்கை உரசித் தொடங்கி, தலை முதல் வால் வரை உள்வெளியாகக் கழற்றிப் போடும். ஈரம் போதுமானால் சட்டை ஒரே துண்டு: முதலும் முடிவும் உள்ள ஏட்டுச்சுவடி. போதாவிட்டால் துண்டு துண்டாகக் கிடக்கும். அப்போதுதான் ஆய்வாளருக்கு வேலை. முழுச் சுவடியில் என்ன இருக்கிறது, படிப்பதைத் தவிர? சிதைந்ததிலோ எந்தத் துண்டு எதற்கு முந்தியது, வால்நுனி மூலத்தில் இருந்ததா, இடைச்செருகலா என்று மூன்று கருத்தரங்கு நடத்தலாம். நல்ல பதிப்பாசிரியர் கூண்டை வறள விடுவார் என்றுகூடச் சிலர் ஐயுறுவர். ஆனால் கண்மூடியில் மட்டும் விளையாட்டு வேண்டா. பாம்புக்கு இமை கிடையாது. விழிமேல் உள்ள தெளிந்த செதில் சட்டையோடு கழல வேண்டும். கழலாமல் நின்றதை இடுக்கியால் பிடுங்கினால் கண்ணே போகும். ஈரப்பாசி வைத்த பெட்டியில் பாம்பைத் தங்க விடலாம்; அப்படியும் போகாவிட்டால் கால்நடை மருத்துவர் (பாம்பு, மேற்படி கிண்ணம், பின்னிரவு, இடப்பக்கம்; மேற்படிக்கு மேற்படியும் காண்க; அதில் காணாவிடில் இங்கேயே மீண்டும் காண்க).

ஈரத்தை ஏற்றத் தெளிப்பான் பிடித்தோர் நாளுக்கு நான்கு முறை நீர் தூவுவர். முள் 90க்குத் தாவும். வலைமூடி வழியே ஈரம் பறந்து, விளக்கு அணையுமுன் 40க்கு வீழும். இந்த வரைபடம் பார்க்க அழகானது; முனைவர் பட்டத்துக்குப் போதுமானது.

தீர்வு என்று ஒன்று உண்டு, கேவலமாகச் சுருக்கமானது. வலைமூடியில் காற்றுக்குச் சிறிது இடம் விட்டு மீதியை மூடுவது. தரையில் தென்னை நார்த்துகளை நாலு விரல் ஆழம் பரப்பி, மூலைகளில் நீர் ஊற்றுவது. மேலே உலர்ந்து அடியில் ஈரம் நிற்கும். நார் நீரைப் பிடித்து மெல்ல மெல்ல விடும். மேலைநாட்டுக் கூண்டுகளுக்கு இத்துகள் பெரும்பாலும் இந்தியாவிலிருந்தும் இலங்கையிலிருந்தும் செங்கல்லாய் அழுத்தப்பட்டுப் போகிறது. பொள்ளாச்சிப் பக்கம் நார்க்கழிவு என்று ஒரு காலத்தில் குவித்துப் போட்டது இதுதான். இவ்வளவை மட்டும் எழுதினால் எந்தப் பல்கலைக்கழகம் ஏற்கும்?

கிண்ணத்து நீரைத் தினமும் மாற்றியாக வேண்டும். பாம்பு தன் மதிப்புரையை வழக்கமாக அதில்தான் இடுகிறது.