பகடை வாக்கிய இலக்கணம்

பாதாளச் சுரங்கத்தில் நடந்துகொண்டிருக்கும் வீரனின் மூக்கில் என்ன வாடை ஏறுகிறது என்ற கேள்விக்கு 1979ஆம் ஆண்டிலிருந்து அச்சில் பதில் இருக்கிறது. கேரி கைகாக்ஸ் எழுதி அந்த ஆண்டு வெளிவந்த 'டன்ஜன் மாஸ்டர்ஸ் கைடு' நூலின் பின்னிணைப்பில் காற்றோட்டம், வாடை, காரணம் தெரியாத ஓசை என்று ஒவ்வொன்றுக்கும் தனித்தனி அட்டவணை உண்டு. பகடையை உருட்டி, விழுந்த எண்ணுக்கு நேரே இருப்பதைப் படிக்க வேண்டியதுதான். அந்த நூல் வழிகாட்டும் 'டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ்' என்ற கதாபாத்திர ஆட்டம் 1974இல் வந்தது. ஐந்தே ஆண்டுகளில் ஒரு கற்பனை உலகத்தின் வாடையைக்கூட வகைப்படுத்திவிட்டார்கள் என்பது அந்த ஆட்டக்காரர்களின் அக்கறைக்குச் சான்று.

இன்று அதே அட்டவணைகள் திரைக்கு வந்துவிட்டன. 2012இல் தொடங்கிய ரோல்20 போன்ற தளங்களில், வெவ்வேறு ஊர்களில் இருக்கும் நண்பர்கள் ஒரே வரைபடத்தைப் பார்த்தபடி ஆடுகிறார்கள். ஆட்டத்தை நடத்தும் கேம் மாஸ்டர் ஒரு பொத்தானைத் தட்டினால் அரட்டைப் பெட்டியில் வாக்கியம் வந்து விழுகிறது. பகடை எல்லோர் கண்முன்னும் உருண்டதால், அவர் வேண்டுமென்றே நம்மைச் சிக்கவைத்தார் என்று யாரும் சொல்ல முடியாது. ஆனால் அந்த வாக்கியம் நன்றாக இருப்பதும் சப்பென்று போவதும் எதைப் பொறுத்தது? ஆயிரம் வரி கொண்ட அட்டவணைதான் உயர்ந்தது என்று பலர் நம்புகிறார்கள். அது தவறு. எந்த வரி எத்தனை முறை வரும், எந்த வரியை ஒட்டி எது வரலாம் என்ற இரண்டையும் யோசித்து எழுதியவரின் பன்னிரண்டு வரி, யோசிக்காதவரின் ஆயிரத்தைவிட மேல்.

முதலாவது, எத்தனை முறை என்பது. இருபது முகப் பகடை ஒன்றை உருட்டினால் எல்லா எண்ணுக்கும் நூற்றுக்கு ஐந்து வாய்ப்பு. ஒரு காட்டில் எதிர்ப்படும் உயிர்களின் அட்டவணையில் எலிக்கு ஒரு வரி, டிராகனுக்கு ஒரு வரி என்று எழுதினால், அந்தக் காட்டில் எலியும் டிராகனும் சம அளவில் திரிகின்றன என்று பொருள். ஆறு முகப் பகடை இரண்டை உருட்டிக் கூட்டினால் கதை வேறு: 36இல் ஆறு முறை 7 வரும், 2க்கும் 12க்கும் தலா ஒரே ஒரு முறைதான். எலியை 7இல் வைத்து டிராகனை 12இல் வைத்தவர், ஒரு விளக்கமும் எழுதாமலே அந்தக் காட்டை விவரித்துவிட்டார்.

இரண்டாவது, எதை ஒட்டி எது என்பது. இதற்கு 1977இல் மார்க் மில்லர் உருவாக்கிய 'டிராவலர்' என்ற விண்வெளி ஆட்டத்தைவிட நல்ல பாடம் எனக்குத் தெரியாது. அதில் ஒரு கோளைப் படைக்க, இரண்டு பகடையை உருட்டி 2 கழித்தால் அதன் அளவு கிடைக்கும். 8 என்றால் விட்டம் ஏறத்தாழ 8,000 மைல், நம் பூமி அளவு. காற்று மண்டலத்துக்கு மறுபடி இரண்டு பகடை: அதில் 7 கழித்து, கோளின் அளவைக் கூட்ட வேண்டும். அந்தக் கூட்டலில்தான் சூட்சுமம் இருக்கிறது. அளவு 2 உள்ள குட்டிக் கோளில் 36இல் பத்து முறை காற்றே இருக்காது. அளவு 8 உள்ள கோளில் எவ்வளவு மோசமாக உருட்டினாலும் 3க்குக் கீழே போகாது; ஏதோ கொஞ்சம் காற்றாவது இருந்தே தீரும். சின்னக் கோளின் ஈர்ப்பு காற்றைப் பிடித்துவைக்காது என்ற இயற்பியலை ஒரு கூட்டல் கணக்கு சொல்லிவிடுகிறது. மக்கள்தொகையிலிருந்து ஆட்சி முறையும், ஆட்சி முறையிலிருந்து சட்டத்தின் கெடுபிடியும் இதே வழியில் பிறக்கின்றன. தற்செயல்தான், ஆனால் ஒன்றின் கையை ஒன்று பிடித்துக்கொண்டு வருகிற தற்செயல்.

பெயர் உண்டாக்கும் நிரல்களின் அடிப்படையும் இதுவே. ரஷ்யக் கணித அறிஞர் மார்க்கோவ் 1913இல், புஷ்கினின் 'யெவ்கேனி ஒனேகின்' காவியத்தில் முதல் 20,000 எழுத்துகளை எண்ணினார். அதில் உயிரெழுத்து 8,638. ஓர் உயிருக்கு அடுத்து இன்னொரு உயிர் வரும் வாய்ப்பு 0.128, மெய்க்கு அடுத்து உயிர் வரும் வாய்ப்பு 0.663. முந்தைய எழுத்தைப் பார்த்து அடுத்ததைத் தேர்ந்தெடுக்கும் இந்த முறைக்கு இன்று மார்க்கோவ் சங்கிலி என்று பெயர். நூறு எல்ஃப் பெயர்களைக் கொடுத்தால், அவற்றின் சாயலில் புதுப் பெயர்களை அது கொட்டிக்கொண்டே இருக்கும்.

தமிழில் ஆட விரும்புகிறவர் இந்த நிரல்களை அப்படியே எடுத்தால் திரையில் புள்ளி வட்டங்களைத்தான் பார்ப்பார். கணினியின் கணக்கில் 'கொ' என்பது ககரமும் ஓர் ஒகரக் குறியும். குறியைப் பிரித்து எழுத்தாக எண்ணும் நிரல், பெயரின் தொடக்கத்திலேயே அதைக் கொண்டுபோய் வைக்கும்; தாங்க எழுத்தில்லாத குறிக்குத் திரை புள்ளி வட்டம் போடும். எழுத்தை முழுதாக எடுத்தாலும் போதாது. தமிழ்ச்சொல் எந்த எழுத்தில் தொடங்கலாம், எதில் முடியலாம், எந்த மெய்யை அடுத்து எந்த மெய் நிற்கலாம் என்பதைத் தொல்காப்பிய எழுத்ததிகாரம் வரையறுத்து வைத்திருக்கிறது. மார்க்கோவ் எது எத்தனை முறை வருகிறது என்று எண்ணினார். தொல்காப்பியர் எது வரலாம், எது வரக்கூடாது என்று சொன்னார். பெயர் நிரல் எழுதுகிறவருக்கு இருவருமே வேண்டும்.

ஊர்ப்பெயர் அட்டவணை ஒன்றை எடுத்துக்கொள்வோம். முன் பாதியில் நெடு, கரு. பின் பாதியில் குளம், பாறை, துறை, மலை. வெறுமனே ஒட்டினால் 'நெடுகுளம்', 'கருபாறை' என்று வரும். அப்படி ஓர் ஊர் இருப்பதாக யாரும் நம்பமாட்டார்கள். பின் பாதி ககரத்தில் தொடங்கினால் ங், சகரத்துக்கு ஞ், தகரத்துக்கு ந், பகரத்துக்கு ம் என்று நடுவில் சேர்க்கச் சொல்லுங்கள். நெடுங்குளம், கரும்பாறை, கருந்துறை என்று வரிசையாக வரும். மலைக்கு எதுவும் சேர்க்க வேண்டாம். கருமலை அப்படியே நிற்கும். நான்கு வரி விதியில் ஒரு நாட்டின் வரைபடமே நிரம்பிவிடும்.

இப்போது செயற்கை நுண்ணறிவிடம் "ஒரு வதந்தி சொல்" என்று கேட்கிற பழக்கம் பரவிவருகிறது. அது முழுப் பத்தி தரும்: ஆளின் பெயர், அவன் செய்ததன் காரணம், அவன் இளமைச் சோகம், எல்லாம் சேர்த்து. மூன்று நெடுவரிசை கொண்ட அட்டவணை அப்படித் தராது. "பாலத்துச் சுங்கக்காரர் / கோயில் மணி / உப்பு மூட்டையில்" என்று மூன்று துண்டுகளைத் தந்து நின்றுவிடும். திருடியவர் அவரா, மறைத்துக் காப்பாற்றுகிறவரா? உப்பு யாருடையது? ஆடுகிறவர்கள் இதைப் பேசிப் பேசித்தான் கதை செய்கிறார்கள். அவர்கள் செய்ய வேண்டிய வேலையை நிரல் செய்து முடித்துவிட்டால் அவர்கள் வெறும் பார்வையாளர்கள். அதனால் நான் அட்டவணையின் பக்கம்.

அடுத்த ஆட்டத்துக்கு ஓர் அட்டவணையை நீங்களே எழுதிப் பாருங்கள். இரண்டு பகடைக்குப் பதினொரு வரி போதும்: 6, 7, 8இல் அன்றாடம் நடப்பது, 2இலும் 12இலும் ஊரே பேசப்போவது. ஃபவுண்ட்ரி போன்ற மென்பொருளில், ஒருமுறை வந்த வரி மறுபடி வராமல் தடுக்கும் வசதி இருக்கிறது. வதந்திகளுக்கு அதைப் பயன்படுத்துங்கள், வாடைகளுக்கு வேண்டாம். வதந்தி ஒருமுறைதான் புதிது. வாடை எத்தனை முறையும் வரலாம்.