விரல் மறைத்தால் விடை

பாவம், ஜார்ஜ் ஓம். கொலோன் நகரில் பள்ளி வாத்தியாராக இருந்த மனிதர். அந்தக் காலத்து மின்கலங்கள் ஒரு நிலையில் நிற்காமல் படுத்தியெடுத்ததால் செம்பையும் பிஸ்மத்தையும் இணைத்து ஒரு வெப்ப இரட்டை செய்தார். ஒரு சந்தி கொதிநீரில், இன்னொன்று பனிக்கட்டியில். மேலே தொங்கிய காந்த ஊசி எவ்வளவு திரும்புகிறது என்று ஒவ்வொரு கம்பியாக மாற்றி மாற்றி அளந்தார். 1827-இல் புத்தகம் போட்டார். சொந்த நாட்டில் சீந்துவார் இல்லை, வேலையையும் விட்டார். லண்டன் ராயல் சொசைட்டி காப்ளி பதக்கம் கொடுத்தபோது வருடம் 1841. இவ்வளவு பாடும் எதனால்? அவருக்கு முக்கோணம் தெரியாது.

நம் பிளஸ் டூ பிள்ளைகளுக்குத் தெரியும். உச்சியில் ‘வி’, அடியில் ‘ஐ’, ‘ஆர்’. எது வேண்டுமோ அதை விரலால் மறைத்தால் மிச்சம் நிற்பது விடை. கொதிநீர் வேண்டாம், பனிக்கட்டி வேண்டாம். மின்னோட்டம் என்றால் என்ன, எது எதைத் தள்ளுகிறது என்ற விசாரம் அறவே வேண்டாம். ஒரு விரல் இருந்தால் மின்னோட்டவியல் முடிந்தது. திறனுக்கும் இப்படியே ஒரு முக்கோணம் உண்டு. எந்த எழுத்து மேலே, எது கீழே என்பது மட்டும் சில சமயம் மறந்துபோகும். மறந்தால்தான் என்ன? 60 வாட் குண்டு பல்பு 230 வோல்ட்டில் எவ்வளவு மின்னோட்டம் எடுக்கும் என்ற கணக்கில் பக்கத்து வீட்டுப் பையன் 230-ஐ 60-ஆல் வகுத்து 3.83 ஆம்பியர் என்று எழுதினான். வரவேண்டியது 0.26. துணி தேய்க்கிற பெட்டி இழுக்கும் அளவுக்கு மின்சாரத்தை ஒரு பல்புக்குள் செலுத்திவிட்டு, அவன் முகத்தில் ஒரு சுருக்கம் இல்லை. அலகு எழுதினான், விடையைச் சுற்றிக் கட்டம் போட்டான், அடுத்த கணக்குக்குப் போனான். அந்த அமைதி ஞானிகளுக்குக்கூட எளிதில் வாய்க்காது.

இவர்களுடைய பார்வைக் கூர்மையைத் தனியாகச் சொல்ல வேண்டும். தாளில் ஒரே வரிசையில் நின்றால் தொடர் இணைப்பு, ஒன்றின் கீழ் ஒன்றாக நின்றால் பக்க இணைப்பு என்று பார்த்த மாத்திரத்தில் சொல்லிவிடுவார்கள். வினாத்தாள் எடுப்பவர்களில் சில குசும்பர்கள் இருக்கிறார்கள். மூன்று 6 ஓம் மின்தடைகளை ஒரே வரிசையில் வரைந்துவிட்டு, முதல் முனையிலிருந்து மூன்றாவது மின்தடையின் தலைமாட்டுக்கு ஒரு வெறுங்கம்பி, முதல் மின்தடையின் கால்மாட்டிலிருந்து கடைசி முனைக்கு இன்னொரு வெறுங்கம்பி என்று வளைத்துப் போட்டுவிடுவார்கள். வெறுங்கம்பியின் இரு முனையிலும் மின்னழுத்தம் ஒன்றுதான், ஆகவே அந்தப் புள்ளிகளை ஒன்றாகச் சேர்த்துப் படத்தைத் திருப்பி வரை, மூன்றும் பக்க இணைப்பு, விடை 2 ஓம் என்பது அந்தக் குசும்பர்களின் கட்சி. படத்தைத் திருப்பி வரைவதா? கொடுத்த படத்துக்கு அது அவமரியாதை இல்லையா? நம் பிள்ளைகள் 18 ஓம் என்று எழுதி வினாத்தாளின் மானத்தைக் காப்பாற்றுகிறார்கள்.

கிர்க்காஃப் விதிகளைக் கையாளுவதில் இவர்களுடைய பெருந்தன்மை தெரியும். கிர்க்காஃப் அந்த இரண்டு விதிகளையும் 1845-இல், கோனிக்ஸ்பர்க்கில் மாணவராக இருந்தபோதே, 21 வயதில் வெளியிட்டுவிட்டார். ஆர்வக்கோளாறு, வேறென்ன சொல்ல. மின்னோட்டத்துக்கு நாமாக ஒரு திசை வைத்துக்கொள்ளலாம், விடை மைனஸில் வந்தால் உண்மைத் திசை அதற்கு எதிர் என்று பொருள். ஆனால் மைனஸ் என்பது பார்க்க நன்றாகவா இருக்கிறது? புத்தகத்தின் கடைசிப் பக்கத்தைப் புரட்டி அங்கே என்ன குறி இருக்கிறதோ அதை நடுவில் எங்காவது சேர்த்துவிட்டால் எல்லாருக்கும் நிம்மதி.

இதையெல்லாம் வளர்த்தெடுக்கும் டியூஷன் சார்களை வணங்காமல் இருக்க முடியாது. 60 வாட் பல்பையும் 100 வாட் பல்பையும் தொடராக இணைத்தால் எது பிரகாசமாக எரியும் என்று ஒருமுறை நான் கேட்டுவிட்டேன். வகுப்பே ஒரே குரலில் நூறு என்றது. நூறு பெரிது, அறுபது சிறிது. இதில் வாதாட என்ன இருக்கிறது? 230 வோல்ட்டுக்குச் செய்த பல்புகளில் அறுபதின் மின்தடை சுமார் 882 ஓம், நூறின் மின்தடை 529, தொடரில் இரண்டிலும் ஓடுவது ஒரே மின்னோட்டம், ஆகவே மின்தடை கூடிய அறுபதுதான் பிரகாசம் என்று நான் இழுத்தேன். ஒரு பெண் மட்டும், “ஏன் சார், பல்பை மல்டிமீட்டர்ல வச்சுப் பார்த்தா 882 காட்டுமா?” என்று கேட்டாள். காட்டாது, குளிர்ந்த இழைக்குக் கிட்டத்தட்ட அதில் பத்தில் ஒரு பங்குதான் காட்டும், இழை சூடேறச் சூடேற மின்தடை ஏறும். நான் வாயைத் திறப்பதற்குள் டியூஷன் சார் முந்திக்கொண்டார்: “அது போர்டுல வராதும்மா.” ஒரு பெண்ணின் எதிர்காலம் மயிரிழையில் தப்பியது.

இந்தப் பிள்ளைகளை நான் மேலே நின்றுகொண்டு புகழ்கிறேன் என்று நினைக்க வேண்டாம். நானும் அந்தப் பரம்பரைதான். எங்கள் பள்ளி ஆய்வகத்தில் மீட்டர் சமனச்சுற்று இருந்தது. ஒரு மீட்டர் கம்பி. அதன் மேல் ஜாக்கியை நகர்த்தி, கால்வனாமீட்டர் முள் எங்கே பூஜ்யத்தில் நிற்கிறதோ அதுவே சமன் செய் நீளம். இதன் தத்துவம் வீட்ஸ்டோன் பெயரில் வழங்கினாலும் 1833-இலேயே அதைச் சொன்னவர் சாமுவேல் ஹண்டர் கிறிஸ்டி. வீட்ஸ்டோன் அதை மறைக்கவும் இல்லை. பெயர்தான் அவரோடு ஒட்டிக்கொண்டது. கண்டுபிடிக்காதவர் பெயரிலுள்ள சுற்றில் செய்யாத சோதனையைச் செய்வது பொருத்தம்தானே என்று எனக்குத் தோன்றியிருக்க வேண்டும். போன வருட அண்ணன் ஒருவரின் ரெக்கார்டு நோட்டில் கம்பிச்சுருளின் மின்தடை 3 ஓம் என்று இருந்தது. பின்னாலிருந்து கணக்குப் போட்டேன். 2 ஓம் வைத்தால் 40 சென்டிமீட்டர், 3 வைத்தால் 50, 4 வைத்தால் 57.1. அப்படியே எழுதினால் திருஷ்டி பட்டுவிடும் என்று 40.2, 49.8, 57.0 என்று ஆங்காங்கே பிழை தூவினேன். சராசரி 3-ஐ ஒட்டியே வந்தது. ஒப்புக்கு ஜாக்கியை இரண்டு இடத்தில் தொட்டும் பார்த்தேன். முள் அசையவில்லை, இரண்டும் சமநிலைப் புள்ளி என்று மகிழ்ந்தேன்.

மணியடித்து நாங்கள் கிளம்பும்போது ஆய்வக உதவியாளர் லெக்லாஞ்சி கலத்தின் கண்ணாடி ஜாடியைத் தூக்கிப் பார்த்தார். “நவச்சாரம் கரைச்சு இன்னும் ஊத்தவே இல்லையேப்பா” என்றார்.

அந்த நோட்டு இன்னும் என்னிடம் இருக்கிறது. அந்தப் பக்கத்தின் அடியில் வாத்தியாரின் கையெழுத்தும், சிவப்பு மையில் ‘அருமை’ என்ற ஒரு சொல்லும் இருக்கின்றன.