ஏறக்கட்டல் இயல்: பொம்மை ஒதுக்குதல் பற்றி ஓர் ஆராய்ச்சி

இவ்வியல் என்ன நுதலிற்றோ எனின், ஐந்து வயதுக்கு உட்பட்டோர் கூடமெங்கும் கடைபரப்பிய விளையாட்டுச் சாமான்களை அவர்கள் கையாலேயே மீண்டும் கூடையில் சேர்ப்பித்தல் கூடுமோ என ஆராய்தல் நுதலிற்று. 'அவர்கள் கையாலேயே' என்றதனால், அம்மாவோ பாட்டியோ முனகிக்கொண்டே பொறுக்கிப் போடுவது இங்கே அடங்காது. அது வேறு இயல். இரவு ஒன்பதரைக்குமேல் நடப்பது.

முதலில் இலக்கியச் சான்று. பிள்ளைத்தமிழுக்குப் பருவம் பத்து. காப்பு முதல் அம்புலி வரை ஏழும் இருபாலார்க்கும் பொது. ஆண்பாலுக்கு எஞ்சிய மூன்று, சிற்றில் சிதைத்தல், சிறுபறை முழக்கல், சிறுதேர் உருட்டல். அதாவது கலைப்பதற்கு ஒரு பருவம், சத்தம் போட ஒரு பருவம், இழுத்துக்கொண்டு திரிய ஒரு பருவம். 12ஆம் நூற்றாண்டில் ஒட்டக்கூத்தர் குலோத்துங்கன்மேல் பிள்ளைத்தமிழ் பாடினார். அன்றும் சரி, பின்னரும் சரி, 'எடுத்துவைத்தற் பருவம்' என ஒன்று மரபில் ஏறவில்லை. பெண்பாலுக்கு அம்மானை உண்டு, ஊசல் உண்டு. ஆடி முடித்த காயை யார் எடுத்து வைப்பது என்பதற்கு அங்கும் இலக்கணம் இல்லை. அரண்மனையில் செவிலித்தாய் இருந்தாள். புலவருக்கு என்ன கவலை?

அயலார் கொள்கைக்கு வருவோம். மரியா மாண்டிசோரி 1907இல் ரோம் நகரின் சான் லொரென்சோ பகுதியில் குழந்தைகள் இல்லம் தொடங்கினார். 1939இல் சென்னை அடையாற்றுக்கே வந்து ஆசிரியர்களுக்குப் பயிற்சி கொடுத்தார். பிள்ளைக்கு எட்டும் உயரத்தில் அலமாரி, பொருளுக்கு ஓரிடம், எடுத்தவரே திரும்ப வைத்தல் என்பது அவர் முறை. பிள்ளைகளும் வைக்கத்தான் செய்கிறார்கள். இதை நம்பிப் பெற்றோர் குட்டை அலமாரி வாங்குகிறார்கள். அவர்கள் விட்டுவிடுவது ஒன்று: அந்த வகுப்பறையில் ஒவ்வொரு சாதனமும் பொதுவாக ஒன்றுதான் இருக்கும். நம் கூடத்திலோ ரிட்டர்ன் கிஃப்டாக வந்த சிவப்புக் கார் மட்டும் ஐந்தாறு, சக்கரம் கழன்றவை தனி. பாவம், அலமாரி என்ன செய்யும்?

அலமாரியை விட்டுச் சாமானுக்கு வருவோம். லெகோ கட்டை டென்மார்க்கில் 1958இல் காப்புரிமைக்குப் பதிவானது. எட்டுக் குமிழ் கொண்ட ஒரே நிறக் கட்டைகள் ஆறு இருந்தால் 91 கோடிக்கும் மேற்பட்ட விதங்களில் பொருத்தலாம் என்று கணக்கிட்டிருக்கிறார்கள். இவற்றுள் ஒன்றேனும் 'டப்பாவுக்குள் போடுதல்' அன்று. ஏழாவது கட்டை, நள்ளிரவில் தண்ணீர் குடிக்க எழும் தகப்பனாரின் பாதத்துக்கென ஒதுக்கப்பட்டது.

இனி நேரிற் கண்டது. நான்கு வயதுப் பெண். "எல்லாத்தையும் எடுத்து வைம்மா கண்ணு" என்றாள் அம்மா. காதில் விழுந்ததற்கு அடையாளமே இல்லை. பாட்டி வந்தார். "சொப்புச் சாமானுக்குத் தூக்கம் வருதாம். குட்டி அடுப்பு எங்கடீ?" அடுப்பு வந்தது. தோசைக்கல், குடம், இட்லிப் பானை, மூடி என ஒவ்வொன்றாக வந்து, பித்தளை ஆதலால் 'டணங்' என்று கூடைக்குள் விழுந்தன. கடைசிச் சாமானும் விழுந்ததும் அவள் உள்ளே எட்டிப் பார்த்தாள். பிறகு கூடையைத் தலைகீழாகக் கவிழ்த்துவிட்டு, மறுபடியும் அடுப்பிலிருந்து ஆரம்பித்தாள். 'எல்லாம்' என்ற ஏவல் பயன் தராது, ஓரினத்தைப் பேர் சொல்லிக் கேட்டால் தரும் என்பது இதனாற் பெறப்பட்டது. ஒதுக்குதலும் ஒரு விளையாட்டே, ஆகவே அதுவும் திரும்பத் திரும்ப ஆடப்படும் என்பதும் பெறப்பட்டது. பாட்டி இதை நாற்பது வருஷமாக அறிந்தவர்போல் போய்ப் படுத்துக்கொண்டார்.

அதட்டினால் நடவாதோ எனின், நடக்கும். கட்டிலுக்கு அடியில் நடக்கும், பெருக்கும்போது தெரியும்.

ஆகவே குற்றம் கலைப்பவர் மேல் இல்லை, வாங்கிக் குவிப்பவர் மேல் என்பதே இவ்வாராய்ச்சியின் தீர்ப்பு. பிறந்தநாளுக்கு வரும் மாமா, சித்தப்பா, அத்தைமார்களுக்கு ஒரு விண்ணப்பம்: அடுத்த முறை பொம்மை வேண்டாம், மாம்பழம் வாங்கி வாருங்கள். பங்கனபள்ளியானால் உத்தமம்.