வின்ச் வாங்கப் போகிறவருக்கு

2018 நவம்பரில் கஜா புயல் பட்டுக்கோட்டைப் பக்கம் தென்னைகளைப் படுக்கப் போட்ட பிறகுதான் வின்ச் என்ற ஒன்று பலர் ஞாபகத்துக்கு வந்தது. பெட்டி மேல் '12,000 பவுண்டு' என்று கொட்டை எழுத்தில் இருக்கும். அந்த வீரமெல்லாம் டிரம்மில் அடி அடுக்குக் கம்பி மட்டும் மிச்சமிருக்கும் வரைதான். அடுக்கு ஏற ஏற இழுவை இறங்கும். மின் மோட்டாரோ, விருந்துக்கு வந்த மாப்பிள்ளை மாதிரி, கொஞ்சம் இழுத்ததும் ஓய்வு கேட்கும். சேற்றில் புதைந்த மரம் அசையாது. வின்ச் பூட்டிய டிராக்டர்தான் மரத்தை நலம் விசாரிக்கப் புறப்படும்.

மரத்தில் ஒரு கப்பியை மாட்டிக் கம்பியைத் திருப்பிக் கட்டினால் இழுவை ஏறக்குறைய இரட்டிப்பாகும், வேகம்தான் பாதி. விலை குறைவு என்பதாலோ என்னவோ, கடைக்காரர் அதை எடுத்துக் காட்டுவதே இல்லை. நீங்களே கேட்டு வாங்குங்கள். இழுக்கும்போது கம்பிக்கு நேரே மட்டும் நிற்காதீர்கள்.