‘உங்களுக்குத் தெரியுமா?’ தகவல்களின் உறவுமுறைப் பரவல்: ஒரு பூர்வாங்க ஆய்வு

குடும்ப வாட்ஸப் குழுக்களில் கோழி கூவும் நேரத்தில் வந்து விழும் அரிய தகவல்களைத் தமிழ் ஆய்வுலகம் ஏனோ தீண்டாமலே விட்டுவிட்டது. இலக்கணம் வகுப்போம்: அறிவியலில் தொடங்கி, கோயிலுக்குள் நுழைந்து, ‘தமிழனாக இருந்தால் பகிரவும்’ என்று முடிவது அரிய தகவல். எழுதியவர் பெயர் இருக்காது. ஆச்சரியக்குறிகள் தாராளமாக இருக்கும்.

இதன் வகைமாதிரி திருநள்ளாறு. கோயிலுக்கு மேலே வரும் செயற்கைக்கோள்கள் 3 விநாடி நின்றுவிட்டுப் போவதாகவும், நாசா வியந்துபோனதாகவும் ஆண்டுக்கணக்கில் சுற்றிவருகிறது. தாழ்வான சுற்றுப்பாதையில் ஓடும் செயற்கைக்கோளின் வேகம் விநாடிக்கு சுமார் 7.5 கிலோமீட்டர். 3 விநாடி நின்றால் விழும் 22 கிலோமீட்டர் பாக்கியை அது எப்போது ஓடிக் கழித்தது என்று யாரும் சொல்வதில்லை. நிலநடுக்கோட்டுக்கு மேலே 35,786 கிலோமீட்டர் உயரத்தில் இருப்பவையோ, கீழேயிருந்து பார்ப்பவருக்கு வருஷம் முழுக்க ஒரே இடத்தில்தான் நிற்கின்றன. சனி பகவானுக்கு அதில் வேலையே இல்லை. நாசாவுக்கும்தான், பழைய படங்களில் கண்ணாடியைக் கழற்றி ஒரு வரி சொல்லிவிட்டுப் போகும் டாக்டர் வேஷம் அதற்கு.

தீபாவளி இரவில் நாசா எடுத்ததாகச் சுற்றும் படத்திலும் அதே டாக்டர்தான். பல வண்ணத்தில் மின்னும் இந்தியா, உண்மையில் அமெரிக்காவின் நோவா அமைப்பைச் சேர்ந்த கிறிஸ் எல்விட்ஜ் பல ஆண்டுப் பதிவுகளைச் சேர்த்து உருவாக்கியது. 1992இல் புதிதாகத் தெரிந்த விளக்குகள் நீலம், 1998இல் பச்சை, 2003இல் சிவப்பு. ஆக, அது மின்வாரியங்களின் பெருமை. 2012 தீபாவளியை ஒட்டி நிஜமான இரவுப் படம் ஒன்றை வெளியிட்ட நாசா, பண்டிகையின் கூடுதல் வெளிச்சம் விண்வெளியிலிருந்து அநேகமாகத் தெரியாது என்றது. அந்தப் படத்தில் கலர் இல்லை. எந்தச் சித்தப்பா அனுப்புவார்?

எல்லாம் புளுகு என்று தள்ளவும் முடியாது. பஞ்சபூதத் தலங்கள் ஐந்தும் ஒரே தீர்க்கரேகையில் என்றொரு தகவல். காளஹஸ்தி, காஞ்சி ஏகாம்பரநாதர், சிதம்பரம் மூன்றும் ஏறக்குறைய 79.7 பாகை தீர்க்கரேகையில் இருப்பது மெய். ஐந்தில் திருவண்ணாமலையும் திருவானைக்காவலும் மட்டும் ஒத்துழைக்கவில்லை.

பூமியின் காந்த மையமே சிதம்பரம் என்பது அடுத்த வரி. காந்த நடுக்கோடோ இன்னும் தெற்கே, தும்பாவுக்கு அருகில் போயிற்று. அதனால்தான் 1963 நவம்பர் 21 அன்று இந்திய மண்ணிலிருந்து முதல் ராக்கெட் அங்கே கிளம்பியது. அலுவலகமாக இருந்தது மேரி மக்தலேனா தேவாலயம். ராக்கெட்டின் மூக்குப் பகுதி சைக்கிள் கேரியரில் போனதற்குப் புகைப்படமே உண்டு. இவ்வளவு மெய்யான அதிசயத்துக்கு ‘பத்துப் பேருக்கு அனுப்பினால் நல்ல செய்தி வரும்’ என்ற வால் இல்லாதது பெரும் குறை.

சினிமாக் கிளைக்கு ‘அன்பே சிவம்’ ஒன்று போதும். 2003இல் வந்த படத்தில் சுனாமி பற்றிப் பேசியதால் கமல்ஹாசன் 2004ஐ முன்பே அறிந்தவர் என்பது தகவல். 1883இலேயே கிரகடோவா எரிமலை எழுப்பிய கடல் முப்பதாயிரத்துக்கும் மேற்பட்டோரைக் கொண்டுபோயிருக்கிறது. படித்த மனிதர் கமல், தெரிந்திருக்கிறது. இதை மாமனாரிடம் சொல்லும் மாப்பிள்ளைக்கு அடுத்த விருந்தில் ஆட்டுக்கால் சந்தேகம்தான்.

இவ்வாய்வின் கருதுகோள் இதுவே: அரிய தகவல் ஒரு வருகைப் பதிவேடு. பெரியப்பா காலை 5:10க்கு அனுப்பினால், ராத்திரி நல்லபடியாகக் கழிந்தது, பிரஷர் மாத்திரை போட்டாயிற்று, கண்ணாடி கைக்கு அகப்பட்டது என்று பொருள். சனி பகவான் தபால்காரர் மட்டுமே. இது வாட்ஸப் நிறுவனத்துக்குப் புரியவில்லை. 2018இல் இந்தியாவில் ஒரே நேரத்தில் ஐந்து இடங்களுக்கு மேல் அனுப்ப முடியாதபடி செய்தது. 2020 ஏப்ரலில், பலமுறை கைமாறி இரட்டை அம்புக்குறி வாங்கிய செய்தியை ஒரு தடவைக்கு ஓர் இடம் என்று சுருக்கியது. ஓய்வுபெற்றவருக்கு ஏது நேரப் பஞ்சம்? ஒவ்வொன்றாக அனுப்புகிறார்.

மறுப்பு வெளியிடுவோரின் கதி தனி அத்தியாயம். பெங்களூரில் வேலை பார்க்கும் அண்ணன் மகள், திருநள்ளாறு பொய் என்று ஆதாரத்தோடு போடுகிறாள். எல்லோரும் படித்ததற்கு நீல டிக் சாட்சி, பதில் இல்லை. இருபது நிமிஷம் கழித்து அத்தை ஒரு முருகன் படம் போடுகிறார். பிறகு அம்மாவின் போன்: “பெரியவங்க போட்டா ஒரு கும்பிடு போட்டுட்டுப் போக வேண்டியதுதானே?”

மறுநாள் காலை பெரியப்பாவிடமிருந்து அவளுக்குத் தனியாக ஒன்று வருகிறது. ராத்திரி கண் விழிப்பவர்கள் ஊறவைத்த வெந்தயம் சாப்பிடுவதன் பதினோரு நன்மைகள், இரட்டை அம்புக்குறியோடு.