வராத கோழிகளும் வந்த யோசனைகளும்

சொந்தமாகச் சேவல் வைத்திருப்பவனிடம் சென்று, அது விடியற்காலையில் கூவி அக்கம்பக்கத்தாரின் நித்திரையைக் கெடுக்கிறதென்று பிராது கொடுப்பதில் ஒரு நியாயம் இருக்கிறது. சேவலும் இல்லாத, கோழியும் இல்லாத, கோழி வாங்கலாம் என்ற உத்தேசத்தை மட்டும் ஒரு கலியாணப் பத்திரிகையின் பின்புறத்தில் பென்சிலால் படமாக வரைந்து வைத்திருக்கிற ஒருவனிடம் வந்து, "சார், உங்கள் சேவலைக் கொஞ்சம் கவனியுங்கள், நாலு மணிக்கெல்லாம் ஆரம்பித்துவிடுகிறது" என்று முறையிடுவதற்கு நியாயம் போதாது, அபாரமான கற்பனா சக்தி வேண்டும். அந்தச் சக்தி வாய்க்கப்பெற்ற கனவான் எங்கள் வீட்டுக்கு வடபுறத்தில் குடியிருக்கிறார். நேற்றுக் காலையில் மதிற்சுவருக்கு மேலே அவருடைய தலை உதயமானபோது, நான் கத்தரிச் செடியில் வாடித் தொங்கிய குருத்து ஒன்றைக் கிள்ளிப் பிளந்துகொண்டிருந்தேன். கத்தரிக் குருத்து தலை கவிழ்ந்தால் உள்ளே துளைப்பான் புழு இருக்கிறதென்று அர்த்தம். துளைக்குக் கீழே நாலு விரற்கடை விட்டுக் கிள்ளி அப்புறப்படுத்தாவிட்டால், அதன் சந்ததி அடுத்தபடியாகக் காய்க்குள்ளே குடிபுகுந்துவிடும். இத்தகைய நுட்பமான காரியத்தில் ஈடுபட்டிருப்பவனுடைய மனநிலை, இல்லாத சேவலைக் கண்டிப்பதற்கு ஏற்றதன்று. "சேவல் இல்லையே" என்றேன். "அப்படியானால் வாங்கும்போதே கூவாததாகப் பார்த்து வாங்கிவிடுங்கள்" என்றார் அவர். பிறகு பந்தலை ஒரு தரம் அண்ணாந்து நோக்கி, "புடலைக்கு இன்னும் கல் கட்டவில்லையே?" என்றும் கேட்டுவிட்டு அஸ்தமித்தார்.

கும்பகோணத்தில் எங்கள் வீட்டுக் கொல்லை, கிணற்றையும் துவைக்கிற கல்லையும் எலுமிச்சை முள் எட்டுகிற தூரத்தையும் கழித்துவிட்டுப் பார்த்தால், ஏறக்குறைய ஒரு சென்ட் தேறும். அதாவது 435 சதுர அடியும் சொச்சமும். இதில் கத்தரி, வெண்டை, கொத்தவரை, ஒரு பாத்தி அரைக்கீரை, ஒரு பந்தல் அவரை, ஒரு பந்தல் புடலை ஆகியவற்றை நெருக்கிப் பயிர் செய்துவிடலாம். இவற்றைக் குறித்து எனக்கு வந்து சேரும் யோசனைகளைப் பயிர் செய்ய வேண்டுமானால் பழைய தஞ்சாவூர் ஜில்லா முழுவதும் போதாது.

புடலங்காய்க்குக் கல் கட்டுவதையே எடுத்துக்கொள்ளுங்கள். எங்கள் தெருவில் இதுபற்றி மூன்று சம்பிரதாயங்கள் உண்டு. பிஞ்சு ஒரு சாண் வந்ததுமே நுனியில் நூல் கட்டிச் சிறு கல்லைத் தொங்கவிட வேண்டும், அப்போதுதான் காய் சுருளாமல் நேராக இறங்கும் என்பது முதலாவது. நூல் அறுத்துவிடும், வாழை நாரில்தான் கட்ட வேண்டும் என்பது இரண்டாவது. கல்லே கூடாது, பாரம் தாங்காமல் காம்பு இற்றுவிடும் என்பது மூன்றாவது. எப்படியும் வில்லை வில்லையாக நறுக்கிக் கூட்டுக்குப் போகப்போகிற காய் நேராக இருந்தால் என்ன, சுருண்டிருந்தால் என்ன என்று நான்காவது அபிப்பிராயம் ஒன்றை நான் பிரஸ்தாபித்தபோது, கோயில் காரியத்தில் நாஸ்திகன் வாயைத் திறந்ததாகவே அது பாவிக்கப்பட்டது.

கொடுமுடி டாக்டர் நடராஜன் பிரபலப்படுத்திய பஞ்சகவ்வியத்தைப் பத்து லிட்டர் நீருக்கு 300 மில்லி வீதம் கலந்து தெளிப்பது என் வழக்கம். பார்க்கிறவர்களில் பாதிப் பேர் அது போதாது என்கிறார்கள். மற்றப் பாதிப் பேர் மூக்கைப் பிடித்துக்கொண்டு அதிகம் என்கிறார்கள். அவரையில் அசுவினி அப்பினால் ஒருவர் அடுப்புச் சாம்பலைத் தூவச் சொல்கிறார். ஒருவர் வேப்பெண்ணெயைச் சோப்புத் தண்ணீரில் அடித்துத் தெளிக்கச் சொல்கிறார். இன்னொருவர் அவரையையே பிடுங்கிவிட்டுப் பாகல் போடச் சொல்கிறார். ஆடியில் விதை ஊன்றினால் தைப்பட்டமே சிலாக்கியம் என்று உபதேசிக்கிறவர், தையில் விதை ஊன்றுகையில், "ஆடிப்பட்டம் தேடி விதை என்று பெரியவர்கள் சும்மாவா சொன்னார்கள்?" என்று அனுதாபப்படுகிறார். இவர்களில் எவரேனும் என்றைக்காவது தம்முடைய யோசனையோடு ஒரு கூடை மக்கிய சாணத்தையும் சேர்த்து எடுத்து வந்ததுண்டா? சித்திரை வெயிலில் கிணற்றிலிருந்து ஒரு வாளி, ஒரே ஒரு வாளி, இறைத்துக் கொடுத்ததுண்டா? நீங்களும் உங்கள் அண்டைவீட்டுக் கொல்லையை எட்டிப் பார்த்து ஏதேனும் சொல்லிவிட்டுத்தான் இதை வாசிக்க உட்கார்ந்திருப்பீர்கள். ஆகையால் பதிலை எதிர்பார்த்து நான் கேட்கவில்லை.

இது நிற்க. நான் முட்டை தின்கிறவன் அல்லன். என் சகதர்மிணியோ அந்தப் பதார்த்தத்தின் பெயரைக் காதால் கேட்டாலே வாய் கொப்பளிக்கிற ஜாதி. அப்படியிருந்தும் கொல்லையில் கோழி வளர்க்கலாம் என்று நான் தீர்மானித்ததற்கு மிகவும் முக்கியமான காரணம் ஒன்று உண்டு. கேட்டால் நீங்களும் ஒப்புக்கொள்வீர்கள். அதைச் சொல்வதற்காகத்தான் இந்தக் கட்டுரையையே ஆரம்பித்தேன். அதற்கு முன்பு, இன்னும் இடப்படாத முட்டைகளின் விநியோகம் சம்பந்தமாக ஒரு வார்த்தை சொல்லிவிட வேண்டியிருக்கிறது.

மின்விசிறி பழுதுபார்க்க வந்தவர் மேஜைமேல் இருந்த படத்தைப் பார்த்துவிட்டார்; அன்று அஸ்தமனத்துக்குள் தெரு முழுவதும் சேதி தெரிந்துவிட்டது. என் உத்தேசம் ஐந்து நாட்டுக்கோழி. கொல்லையில் மேய்ந்து திரிகிற நாட்டுக்கோழி வருஷத்துக்கு 60 முதல் 80 முட்டை வரையில் இட்டாலே பெரிது. பத்துப் பன்னிரண்டு இட்டவுடன், இனி ஒருவருக்கும் கடன்படவில்லை என்ற தோரணையில் அடைக்கு உட்கார்ந்துவிடுவது அதன் சுபாவம். ஆகவே ஐந்துக்கும் சேர்த்து வருஷத்துக்கு மிஞ்சிப் போனால் 400. நாளொன்றுக்கு ஒரு முட்டையும் ஏதோ ஒரு துணுக்கும். அந்த ஒற்றை முட்டைக்கு இப்போது இருக்கிற பாத்தியதைகளைக் கேளுங்கள். வடக்கு வீட்டுக் கனவானின் பேரன் சோனியாக இருப்பதால் அவனுக்குத் தினம் ஒரு முழு முட்டை, வேகவைத்தது. ஓய்வுபெற்ற தாசில்தார் ஒருவருக்கு மஞ்சள்கரு ஆகாதென்று வைத்தியர் விதித்திருப்பதால் வெள்ளைக்கரு மட்டும். மூன்றாவது வீட்டுப் பெண்ணுக்குக் கூந்தலில் தேய்த்துக்கொள்ள மஞ்சள்கரு மட்டும். எதிர்வீட்டு மாமி ஆசாரம் மிகுந்தவர், "முட்டையெல்லாம் நேக்கு வேண்டாம், ஓடு மட்டும் எடுத்து வையுங்கோ, ரோஜாவுக்குப் பொடிச்சுப் போடணும்" என்று எல்லாரையும் முந்திக்கொண்டு சொல்லிவைத்துவிட்டார்.

இந்த ஜாபிதாவை நெடுநேரம் ஆராய்ந்தபோது இதில் ஓர் அழகு இருப்பது எனக்குப் புலனாயிற்று. ஒரே முட்டையை உடைத்து வெள்ளையைத் தாசில்தாருக்கும், மஞ்சளைக் கூந்தலுக்கும், ஓட்டை ரோஜாவுக்கும் அனுப்பிவிட்டால், ஒரு கோழியின் ஒரு நாளைய உழைப்பில் மூன்று குடும்பங்கள் திருப்தியடைகின்றன. விரயம் என்பதே இல்லை. ஆனால் பேரனுக்கு முழு முட்டை வேண்டுமே! ஆகவே தெருவில் முழு முட்டைக் கட்சி என்றும் பிரித்த முட்டைக் கட்சி என்றும் இரண்டு கட்சிகள் உண்டாவது தவிர்க்க முடியாதது. மாமி மட்டும் இரண்டிலும் அங்கத்தினர். எந்தக் கட்சி ஜெயித்தாலும் ஓடு அவருக்கே. முட்டையை உடைத்துப் பிரிப்பது யார் என்ற பிரச்சினை அடுத்து வந்தது. "என்னங்க, என் அடுக்களையில் அது நடக்காது" என்று உள்ளேயிருந்து ஆக்ஷேபம் கிளம்பியபடியால், கலியாணப் பத்திரிகையில் கோழிக்கூண்டுக்கு அருகே, கரு பிரிப்பதற்கென்று ஒரு மேடையும் ஒரு குழாயும் சேர்த்து வரைந்தேன். வாங்க வருகிறவர்கள் வெயிலில் நிற்கக்கூடாது என்பதற்காக ஒரு தாழ்வாரமும் வரைய நேர்ந்தது. தாழ்வாரம் கீரைப்பாத்தியின்மேல் வருகிறது.

அப்புறம் பஞ்சாங்கம் குறுக்கிட்டது. புரட்டாசி பிறந்தால் பேரன் வீட்டில் முட்டை கிடையாது. கார்த்திகையில் தாசில்தார் சபரிமலைக்கு மாலை போட்டுக்கொள்கிறவர். தை பிறக்கிற வரையில் வெள்ளைக்கருவுக்கு வாரிசு இல்லை. புரட்டாசி என்பது கோழிக்குத் தெரியாது; அது பாட்டுக்கு இட்டுக்கொண்டிருக்கும். விரத மாதங்களில் தேங்கும் முட்டைகளை என் வீட்டுக் குளிர்ப்பெட்டியில் வைப்பது கனவிலும் நடவாத காரியம். மாலை போட்டவரின் பங்கு விரதம் முடிந்தபின் அவருக்கே சேருமா, காலாவதியாகி அடுத்தவருக்குப் போகுமா? தாசில்தாரையே கேட்டேன். வாழ்நாளெல்லாம் பாத்தியதை விவகாரங்களைத் தீர்த்து அனுபவப்பட்ட அவர், பங்கு சேர்ந்துகொண்டே போகும் என்றும், தை முதல் தேதி மொத்தமாகப் பெற்றுக்கொள்வதாகவும் சொன்னார். கடையில் முட்டை இல்லாமலா போயிற்று? நாமக்கல்லிலிருந்து நாள்தோறும் கோடிக்கணக்கில் லாரி ஏறிப் போகிறது. வருஷத்துக்கு 300 முட்டை இடுகிற வெள்ளை லெகார்ன் கோழிகள் நமக்காகவே அல்லும் பகலும் பாடுபடுகின்றன. அதை எடுத்துச் சொன்னால், "கடை முட்டையில் சத்து ஏது சார்? உங்கள் கோழி முட்டை மாதிரி வருமா?" என்கிறார்கள். வராதுதான். என் கோழியே வரவில்லை.

நான் சொல்ல வந்த காரணத்துக்குத் திரும்புமுன் சேவல் சமாசாரத்தை முடித்துவிடுகிறேன். பெட்டைக்கோழி முட்டையிடுவதற்குச் சேவல் அவசியமே இல்லை. முட்டை பொரிந்து குஞ்சு வருவதற்குத்தான் சேவலின் தயவு வேண்டும். இந்தச் சாமானிய உண்மையைப் படித்தவர்கள்கூட நம்ப மறுக்கிறார்கள். சேவல் இல்லாத கூண்டில் கோழி அடைகாத்தால் 21 நாள் ஆனாலும் எதுவும் பொரியாது. அந்த விவரம் கோழிக்கும் தெரியாது, தெருவாருக்கும் தெரியாது. "சேவல் இல்லாமல் முட்டையா? அது நாட்டுக்கோழிக்கு ஒத்துவராது சார்" என்றார் ஒருவர். உடம்பும் எலும்பும் கறுத்த கடக்நாத் வாங்கலாம் என்றும், 2018-இல் மத்தியப் பிரதேசத்து ஜாபுவாவுக்கு அதன்பேரில் புவிசார் குறியீடே கிடைத்திருக்கிறதென்றும் சொன்னார். தாம் ஒன்று வாங்குவாரா என்று கேட்டேன். தமக்கு இடமில்லை என்றார்.

கூண்டு வைக்கும் திசையிலும் இதே கதைதான். கோழி ஒன்றுக்கு இரண்டு சதுர அடியாவது வேண்டும், கீரி நுழையாதபடி தரையிலிருந்து இரண்டடி உயரத்தில் கால் நாட்ட வேண்டும், கம்பிவலையின் கண் சிறியதாக இருக்க வேண்டும் என்று நான் கணக்குப் போட்டுக்கொண்டிருக்கையில், வாயு மூலையைத் தவிர வேறெங்கும் கூடாது என்று ஒருவர் வந்து சாஸ்திரம் சொன்னார். வாயு மூலையில் கிணறு இருக்கிறது. குஞ்சாக வாங்கினால் ஏழாம் நாள் வெள்ளைக் கழிச்சலுக்குக் கண்ணில் ஒரு சொட்டு லசோட்டா விட வேண்டும் என்ற உருப்படியான விஷயத்தை மட்டும் ஒருவரும் சொல்லவில்லை. கோழி எரு கொல்லைக்கு அமிர்தம் என்று அத்தனை பேரும் சொன்னார்கள். அதைப் பச்சையாக இட்டால் வேர் வெந்துவிடும், மக்க வைத்தே இட வேண்டும் என்று ஒருவரும் சொல்லவில்லை. கோழியைத் திறந்துவிட்டால் நாற்றுப் பாத்தியை அரைமணியில் குப்பைமேடாகக் கிளறிவிடும். பகலெல்லாம் பஞ்சாரம் போட்டுக் கவிழ்த்து, சாயங்காலம் ஒரு நாழிகை பக்கத்தில் நின்று மேய்க்க வேண்டும். மேய்க்கும்போது மதிற்சுவரின்மேல் எத்தனை தலைகள் தோன்றுமோ, நான் அறியேன்.

ஆகையால் கூண்டுக்கு முன்பாகப் பலகை ஒன்று செய்து மதிற்சுவரில் மாட்டத் தீர்மானித்திருக்கிறேன். நீர் பாய்ச்சுவது குறித்த யோசனைக்குக் கட்டணம் கிணற்றிலிருந்து இரண்டு வாளி நீர். எரு குறித்த யோசனைக்கு ஒரு கூடை சாணம், மக்கியது. புடலைக்குக் கல் கட்டச் சொல்கிறவர் கல்லும் நூலும் கொண்டுவந்து தாமே ஏணியில் ஏற வேண்டும். சாஸ்திரம் சொல்கிறவர் கீரி நடமாடும் காலத்தில் இராக் காவலுக்கு வர வேண்டும். வாசகத்தையெல்லாம் எழுதி எடுத்துக்கொண்டு இன்று காலை தச்சரிடம் போனேன். இரண்டுக்கு மூன்றடிப் பலகை, நாளைக்கே ஆகிவிடும் என்றார். கூலி எவ்வளவு என்று கேட்டேன். பாதியை ரொக்கமாகக் கொடுத்தால் போதும், மீதியை முட்டையாக வாங்கிக்கொள்கிறேன் என்கிறார்.